எருமைக்குட்டிப் பாட்டு

…கொட்டாங்குச்சிக்கு அடுத்து தாளமா மேளமா, பால்வாடி வாசலில் நின்றபோது சரியாகத்தான் இருந்தது, தெருமுனை அடிபம்பைத் தாண்டுவதற்குள் பாதி போய்விட்டது, தாளம்தான், கொட்டாங்குச்சித் தாளம் தட்டு, அதற்கப்புறம் எருமைக்குட்டி வரும். நாலே வரிப் பாட்டு. நாலு வரிச் செய்யுளை ஒப்பிக்க முடியாமல் பெஞ்சு மேல் நின்ற அன்றைக்குத்தான் பையைத் தூக்கிக்கொண்டு ஒன்பதாம் வகுப்பை விட்டு வெளியே வந்தது, திரும்பிப் போகவில்லை, இப்போது முப்பது வயதில் ஒரு எருமைக்குட்டிக்காக மறுபடியும் பெஞ்சு மேல் ஏறியாகிவிட்டது. ராக்கப்பனின் தோளில் ரோஜா கிடந்தாள். இரண்டு வயது ஒன்பது மாதம். கனம் இருந்தது, சூடு இருந்தது, சத்தம் மட்டும் இல்லை. தெரு நாய் ஒன்று குரைத்தபோது திரும்பிப் பார்த்தாள், அப்படியென்றால் காது கேட்கிறது, காது நன்றாகக் கேட்கிறது என்று விருதுநகர் ஆஸ்பத்திரியில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். நாக்கும் சரி, அண்ணமும் சரி. எல்லாம் சரியாக இருக்கிற பிள்ளை ஏன் ஒரு சொல் பேசவில்லை என்பதற்கு மட்டும் அந்தச் சீட்டில் இடமில்லை.

ராத்திரி முழுக்க மெஷின் முன்னால் நின்ற கால் இரண்டும் கட்டைகளாக நடந்தன. 2007 டெய்லி காலண்டர் ஓடிக்கொண்டிருந்தது, சீசன் ஆரம்பித்தால் திருத்தங்கலில் எந்த அச்சாபீசும் உறங்குவதில்லை, மேஷம் லாபம், ரிஷபம் அமைதி, மிதுனம் செலவு, ஒரே ராத்திரியில் எத்தனை ஆயிரம் அமைதி அவன் கைவழியாகப் போயிருக்கும். பேச்சு அங்கே கிடையாது. மெஷின் சத்தத்தில் யார் கத்துவது, கட்டைவிரலைக் கீழே காட்டினால் மை குறை, இரண்டு விரலை விரித்தால் பேப்பர் சரிகிறது, எட்டு வருஷமாக அப்படித்தான். ரோஜாவும் அப்படித்தான் கேட்பாள், தண்ணீருக்குக் கட்டைவிரல், சோற்றுக்கு வாயைத் திறந்து காட்டுவது. முதலில் அவனுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. கூட வேலை பார்க்கும் ஊர்க்காவலனிடம் சொல்லிச் சிரித்தான். “ஏலே, அடுத்த மெஷின்மேன் ரெடி” என்று ஊர்க்காவலன் இவன் முதுகில் தட்டினான். பெருமைப்பட்டிருக்கிறான் பார், முட்டாள்.

இன்றைக்கு பால்வாடி கிடையாது, ஜெமிமா டீச்சருக்கு யூனியன் ஆபீசில் மீட்டிங். கதவைப் பூட்டப் போனவர் பிள்ளையோடு வந்த இவனைப் பார்த்ததும் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“ரோஜா அப்பா, வீட்டுல பிள்ளைக்கு யாரும் பாட்டுப் பாடுறீகளா?”

“பாட்டா… நமக்கு எங்க டீச்சர்.”

“மத்த பிள்ளைக கை தட்டிப் பாடும்போது இவ உதட்டையே பாக்குறா. ஆசை இருக்கு. பாட்டுல ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வரும்லா, அடுத்து என்ன வரும்னு பிள்ளை முன்கூட்டியே பிடிச்சிக்கிடும். அங்கனதான் பேச்சு தொடங்கும். நாலஞ்சு தடவை முழுசாப் பாடுங்க, அப்புறம் கடைசிச் சொல்லை மட்டும் சொல்லாம விட்டுட்டு நில்லுங்க. அவளே நிரப்புவா. தீவாளிக்குள்ள ஒத்தச் சொல்லாவது வரலைன்னா மதுரைக்குத்தான் கூட்டிட்டுப் போகணும், நான் சும்மா பயங்காட்டல.”

சொல்லிவிட்டு அந்த வாசல்படியிலேயே, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைதட்டிப் பாடியும் காட்டினார். கொட்டு கொட்டு மழை கொட்டு, கொட்டாங்குச்சித் தாளம் தட்டு, எட்டிப் பாக்குது எருமைக்குட்டி, எங்க வீட்டுக் கதவை முட்டி. ‘முட்டி’ வரும்போது குனிந்து ரோஜாவின் நெற்றியில் தன் நெற்றியை மெல்ல இடித்தார். பிள்ளையின் உதடு ஒரு பக்கம் இழுத்தது. சிரிப்புதான், சிரிப்புக்குப் பக்கத்தில் உள்ள ஏதோ ஒன்று. அவன் பார்த்தான். அப்படி ஒன்றை அவன் அவள் முகத்தில் கடைசியாக எப்போது பார்த்தான்… மழைப் பாட்டு. மனைவி வள்ளித்தாய் கேட்டால் சிரிப்பாள், பட்டாசு கம்பெனியில் காயப்போட்ட சரக்கு நனைந்தால் அன்றைக்கு அவளுக்கு வேலை இல்லை, “மளையக் கூப்பிட்டுப் பாடவா, போர்மேன் காதுல விளுந்தா நாளைக்கு வேன் நம்ம தெருவுக்கே வராது” என்பாள்.

சிரிப்பாளா? போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் வரும்போது அவள் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “நீங்க ஒறங்கணும்னுதான் எம்பிள்ள வாயப் பொத்தினேன்” என்றாள். அவ்வளவுதான். ஒற்றை அறை லைன் வீடு, ராத்திரி வேலை பார்க்கிறவன் பகலில் உறங்கித்தான் ஆகவேண்டும், கண் சொக்கினால் மெஷினுக்குள் விரல் போகும், போயிருக்கிறது, அவனுக்கு இல்லை, வேறொருவனுக்கு. பிள்ளை பிறந்த புதிதில் வள்ளித்தாய் தொட்டிலை ஆட்டிக்கொண்டு பாடத்தான் செய்தாள், அவளுக்குக் குரல் உண்டு, ஒருநாள் மத்தியானம் சொம்பை எடுத்துச் சுவரில் எறிந்தவன் இவன். அவள் மேல் இல்லை, சுவரில்தான். அதிலென்ன வித்தியாசம். அன்றைக்கு நின்றது பாட்டு. பாத்திரத்துக்கு அடியில் துணி விரித்து வைக்கப் பழகினாள். மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு வீட்டிலேயே பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டினாள், அதில் சத்தம் கிடையாது. முதல் பிறந்தநாளுக்கு மாமன் செல்லச்சாமி போட்ட கொலுசு சலங்கை கட்டியது, பிள்ளை எட்டு வைக்கும்போதெல்லாம் அது குலுங்கி இவன் தூக்கம் கலைந்தது, கழற்றி டப்பாவில் போட்டு டப்பாவை மேலே ஏற்றியாயிற்று. பிள்ளை வாயைத் திறந்தால் ‘உஷ்’. உஷ், அப்பா ஒறங்குறாக. உஷ். அக்கம்பக்கத்தில் எவ்வளவு மெச்சினார்கள், பிள்ளை இருக்கிற இடமே தெரியவில்லை என்று. தெரியவில்லைதான்.

பூட்டைத் திறந்தான். உள்ளே வெந்நீர் வைத்த அடுப்பு வாடையும் வள்ளித்தாய் பூசும் மஞ்சள் வாடையும். காலையில் வேன் ஏறுவதற்கு முன் வழக்கம்போல அவனுக்குப் பாய் விரித்துவிட்டுப் போயிருந்தாள், சுவரோரம் பாய், தலையணை, அதன்மேல் போர்வை ஒரு ஆள் படுத்திருக்கும் உயரத்துக்குச் சுருண்டு கிடந்தது. பார்த்ததுமே கண் இழுத்தது. பால்வாடி இல்லாத நாளில் கதவைத் தாழ்போட்டுவிட்டு அவன் படுத்துக்கொள்வான், ரோஜா பக்கத்தில் காலி அட்டைப்பெட்டியை வைத்து விளையாடுவாள், மணிக்கணக்கில், ஒரு முனகல் இருக்காது. இன்றைக்கும் படுத்துவிடலாம். ஒருநாள் உறங்கினால் என்ன கெட்டுவிடும்? இப்படி ஒவ்வொரு நாளாகத்தானே… பாயைப் பார்க்காமல் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். பிள்ளையை எதிரே உட்கார்த்தினான்.

யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தும் கூச்சமாக இருந்தது. தொண்டையைச் செருமினான். கொட்டு கொட்டு… வந்தது பாட்டு இல்லை, யாரோ ஆள் கூப்பிடுகிற சத்தம். ரோஜா பின்னால் நகர்ந்தாள். சரி, மெதுவாக. கை தட்டினான், இந்தக் கைக்குத் தாளம் தெரியும், பேப்பரை உறிஞ்சி எடுத்துத் தள்ளும் மெஷினின் தாளம், எட்டு வருஷத்துத் தாளம், அதன்மேல் ஏறி உட்கார்ந்ததும் வரிகள் தானாக நடந்தன, எட்டிப் பாக்குது எருமைக்குட்டி, எங்க வீட்டுக் கதவை முட்டி, குனிந்து நெற்றியை இடித்தான். மறுபடி. மறுபடி. மூன்றாவது தடவை பிள்ளையின் கால்விரல்கள் அசைந்தன, தட்டுக்குச் சரியாக, சலங்கை இல்லாத கால். நான்காவது தடவை ‘முட்டி’ வருவதற்கு முன்பே நெற்றியை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். டீச்சர் சொன்னது பொய்யில்லை. இன்னும் நெருங்கி உட்கார்ந்தான், என்ன இது, பரீட்சை ரிசல்ட் பார்க்கிறவன் மாதிரி.

ஐந்தாவது தடவை. எங்க வீட்டுக் கதவை… விட்டுவிட்டு நின்றான். கையையும் நிறுத்தினான். தெருவில் சைக்கிள் ஒன்று போனது. ரோஜா அவன் வாயைப் பார்த்தாள். அவள் உதடு பிரிந்தது, உள்ளே நாக்கு எழும்பியது, சொல் தாயி, சொல்…

அவள் கண் அவனைத் தாண்டிப் பின்னால் போனது. சட்டென்று முகம் மாறியது. எழுந்து வந்து சின்ன உள்ளங்கையால் அவன் வாயை அழுத்திப் பொத்தினாள். மறுகையின் விரலைத் தன் உதட்டில் வைத்தாள்.

“உஷ்.”

தெளிவாக, முழுதாக, அவள் அம்மாவின் குரலில். பிறகு அதே விரலை நீட்டிச் சுவரோரத்துப் பாயைக் காட்டினாள். போர்வையைக் காட்டினாள்.

முதலில் அவனுக்கு விளங்கவில்லை. விளங்கியபோது அவள் கையை விலக்கத் தோன்றவில்லை. அங்கே யாரும் இல்லை தாயி, போர்வைதான், நான்தான் இங்கே… சொல்ல வேண்டும், எதைச் சொல்லி எப்படி விளங்கவைப்பது, இவளுக்குத் தெரிந்த அப்பா அங்கேதானே கிடக்கிறார், கை தட்டிப் பாடுகிற இந்த ஆள் யாரோ. இதை ஒரு சொல் என்று டீச்சரிடம் கணக்குச் சொல்லலாமா… உள்ளங்கை வாயில் ஈரமாக ஒட்டியிருக்க, ராக்கப்பனும் திரும்பி, சத்தம் காட்டாமல், அவளோடு சேர்ந்து அந்தப் பாயையே பார்த்துக்கொண்டிருந்தான். எப்போது எழுந்திருப்பான் அவன்?