கடைசி வீட்டுக் குழாய்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது எங்கள் தெருவில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். வால்வு அக்கா என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள். நாற்பத்தியோரு வீடுகளும் சேர்ந்து போட்ட ஆழ்துளைக் கிணறு, சேர்ந்து வாங்கிய மோட்டார், தெருவின் மேட்டில் ஒரு தொட்டி. வால்வைத் திறந்து மூடி இதையெல்லாம் ஓட்டுகிறவள் நான். பதினோரு வருஷமாகச் சம்பளமும் கிடையாது, நன்றியும் கிடையாது. குழாயில் காற்று வந்தால் மட்டும் விடிந்ததும் விடியாததுமாக என் கதவைத் தட்டி உடைப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை நான் மோட்டாரைப் போட்டுக்கொண்டிருந்தபோது தங்கச்சி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். அவள் வீட்டுக்காரருக்கு முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே வாந்தியும் பேதியும். அது வேறு யாருக்காவது வந்திருந்தால் கஞ்சி குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். அவருக்கு அப்படி இல்லை. எட்டு மாதத்துக்கு முன்புதான் தங்கச்சி தன் கிட்னியில் ஒன்றை அவருக்குக் கொடுத்திருக்கிறாள். உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்க அவர் சாப்பிடும் மாத்திரை, மற்ற நோய்களுக்கும் கதவைத் திறந்து வைத்துவிடும்.

"உடம்புல தண்ணி வத்திப் போச்சாம்கா. கிட்னி தாங்குமான்னு ரெண்டு நாள் கழிச்சுத்தான் சொல்ல முடியுமாம்."

"எதையாவது வெளியில வாங்கித் தின்னாரா?"

"இல்லக்கா. டாக்டரும் அதான் கேட்டார். அப்புறம் என்ன தண்ணி குடிக்கிறீங்கன்னு கேட்டார்."

"என்ன சொன்ன?"

"எங்க அக்கா பார்க்கிற தண்ணின்னு சொன்னேன்."

போனை வைத்துவிட்டுச் சோதனைப் பெட்டியை எடுத்துக்கொண்டு இறக்கத்தில் நடந்தேன். தங்கச்சி வீடுதான் தெருவின் கடைசி, சாக்கடை ஓரம். அங்கே போய்த் திரும்ப மேட்டில் ஏற என் முழங்கால் ஒத்துழைப்பதில்லை. அதனால் அந்தப் பெட்டி அந்த வாசலுக்குப் போனதே இல்லை. இதை இப்போது எழுதும்போதே எனக்கு என்னை அறையத் தோன்றுகிறது.

பெட்டியில் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு கண்ணாடிக் குழல், கொஞ்சம் மாத்திரை. தண்ணீரில் மாத்திரையைப் போட்டால், குளோரின் மருந்து இருக்கிற தண்ணீர் ரோஸ் நிறமாகும். மருந்து இருந்தால், வழியில் ஏதாவது அழுக்கு சேர்ந்தாலும் அது பார்த்துக்கொள்ளும். வாசல் குழாயைத் திறந்து பிடித்தேன். மாத்திரை கரைந்தது. தண்ணீர் வெள்ளையாகவே நின்றது. மாத்திரை பழசோ என்று இன்னொன்று போட்டேன். அதுவும் வெள்ளைதான்.

சாவி என்னிடம் ஒன்று உண்டு. உள்ளே போய்ச் சமையலறைக் குழாயிலும் பார்த்தேன். அதே வெள்ளை. நிமிர்ந்தபோது பரண்மேல் அந்தப் பெரிய பானை கண்ணில் பட்டது.

அதை அங்கே தூக்கி வைத்தவள் நான்தான். ஆப்பரேஷன் முடிந்து அவர்கள் வீடு திரும்பிய இரண்டாவது மாதம், நான் எதற்கோ வந்தபோது அந்தப் பானையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"என்னடி இது?"

"டாக்டர் சுட வச்சுக் குடிக்கச் சொல்லியிருக்கார்கா."

"அந்த டாக்டர் வந்து நம்ம கிணத்தப் பார்த்தாரா? மாசாமாசம் லேபுக்கு அனுப்புறேன், ஒரு தடவை குத்தம் சொல்லியிருக்கானா? வால்வு அக்கா தங்கச்சியே அந்தத் தண்ணிய நம்பலன்னு நாலு பேரு சிரிக்கணுமா?"

அடுப்பை நானே அணைத்தேன். பானையைக் கவிழ்த்துப் பரணில் வைத்தேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அவள் எப்போதுமே என்னை எதிர்த்துப் பேசுவதில்லை. அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த ஆத்திரத்துக்கு முதல் ஆள் மூக்குதான். மேட்டில் தொட்டியை ஒட்டிய முதல் வீட்டுக்காரர், ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். எதிலும் ஒரு நாற்றம் கண்டுபிடிப்பதால் அந்தப் பெயர். மூன்று மாதத்துக்கு முன்பு தெருச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, "இது தண்ணியா, நீச்சல் குளமா? வாயில வைக்க முடியல" என்றவர். மருந்து கலந்ததும் முதலில் குடிக்கிறவர் அவர், அவருக்கு நாறத்தான் செய்யும். ஆனால் அவர் சொன்னதும் மேட்டு வீடுகள் எல்லாவற்றுக்கும் நாறத் தொடங்கிவிட்டது. ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் எங்கள் தலைவர், "குறைக்கணும்கிறவங்க கை தூக்குங்க" என்றார். முப்பத்துமூன்று கைகள். மருந்து சொட்டும் பம்பின் திருகை ஆறிலிருந்து மூன்றுக்கு இறக்கினோம்.

அந்தத் திருகை முதலில் பழையபடி ஆறுக்கு ஏற்றினேன். பிறகு மூக்கு வீட்டு வாசலில் நின்று கத்தினேன். தலைவரும் கடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்தார். நாலைந்து பேர் கூடினார்கள்.

"உங்க மூக்குக்காக என் தங்கச்சி வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கிடக்கிறார்! கடைசி வீட்டுல ஒரு பொட்டு மருந்து இல்ல!"

மூக்கு நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றினார். "ரிப்போர்ட்ல எல்லாம் சுத்தம்னு வந்துதேம்மா. சாம்பிள் எடுத்தது யாரு?"

"நான்தான்."

"எங்க எடுத்தீங்க?"

அவருடைய வாசல் குழாயைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பதினோரு வருஷமாகத் தினமும் மாத்திரை போட்டுப் பார்த்தது, மாதம் ஒருமுறை லேபுக்குப் பாட்டில் பிடித்தது, எல்லாம் அந்த ஒரே குழாயில்தான். மோட்டார் அறையிலிருந்து பத்தடி. எந்த வெயிலிலும் நிழல்.

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "சரி விடுங்கக்கா. மருந்தக் கூட்டிட்டீங்கல்ல, ரெண்டு நாள்ல சரியாயிடும். மோட்டார் ரூம் போர்டுல எழுதுறேன் கிழிக்கிறேன்னு ஆரம்பிச்சிராதீங்க. விஷயம் வெளியில போச்சுன்னா முனிசிபாலிட்டி ஆபீஸ்காரங்க வந்து கிணத்துக்கு சீல் வச்சிருவாங்க. அப்புறம் நம்ம கிணறு நம்மளோடது இல்ல."

"முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கப் பார்க்கிறீங்களா? கீழ்த்தெருவுல, இந்த இறக்கத்துல, இன்னும் பத்து வீடு அந்தத் தண்ணியக் குடிச்சிட்டு இருக்கு!"

"வால்வுக்கு பிரஷர் ஏறிடுச்சுப்பா" என்று யாரோ பின்னால் முணுமுணுத்தான். வேறு நாளாக இருந்தால் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன்.

"அவ்வளவு தெரிஞ்ச நீங்க," என்றார் மூக்கு, "அன்னைக்குக் கூட்டத்துல ஏன் வேண்டாம்னு சொல்லல?"

இந்தக் கேள்விக்குத்தான் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தேன். குறைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். கடைசிக் குழாய் வரை மருந்து போய்ச் சேர வேண்டும் என்பது இந்த வேலையின் முதல் பாடம். அன்றைக்கு அவர்கள் பேசிய பேச்சில் எனக்கு ரத்தம் கொதித்தது. எப்படியாவது குடிச்சுத் தொலைங்க, அப்பத்தான் என் அருமை தெரியும் என்று நினைத்தேன்.

"நானும் கை தூக்கினேன்" என்றேன். "உங்க மேல இருந்த கோபத்துல தூக்கினேன்."

நான் மோட்டார் அறைக்குப் போய்ச் சாக்பீஸை எடுத்தேன். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கவும் என்று போர்டில் எழுதினேன். மூன்று மாதமாகக் கீழ்த்தெருவுக்கு மருந்து போகவில்லை, அங்கே நான் ஒருமுறைகூடச் சோதிக்கவில்லை என்று அதன் கீழே எழுதினேன். அதற்கும் கீழே என் முழுப்பெயரைப் போட்டேன். வால்வு அக்கா என்று போட்டிருந்தால் அதை எவனாவது தமாஷ் என்று நினைப்பான். ஆபீசுக்கும் நானே போன் செய்தேன். தலைவர் அன்றிலிருந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை.

மறுநாள் ஆபீஸ்காரர்கள் கடைசி வீட்டுக்கு முன்னால் தோண்டினார்கள். சாக்கடையை ஒட்டிய குழாய் இணைப்பில் நகக்கண் அளவுக்கு ஒரு விரிசல். வால்வை மூடிக் குழாய் காலியாகிற நேரமெல்லாம் அது சாக்கடையை உள்ளே இழுத்திருக்கிறது. கிணற்றுக்கு சீல் வைக்கவில்லை. ஆனால் இனிமேல் கடைசிக் குழாயிலும் தினமும் சோதிக்க வேண்டும், தவறினால் சீல் வைப்போம் என்று சொல்லி எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

கிட்னி பிழைத்தது. முழுசாக இல்லை, முன்பு போல வேலை செய்யாது, இனி ஒரு தடவை இப்படி வந்தால் தாங்காது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திருகு, கை தூக்கினது, மூக்கு வீட்டுக் குழாய், எல்லாம். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தன் இடுப்பில் இருக்கும் தழும்பின் மேல் கையை வைத்துக்கொண்டு, "சாப்பிட்டியாக்கா?" என்று கேட்டாள்.

பத்தாவது நாள் அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். மறுநாள் காலை முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறக்கத்தில் போனேன். வாசல் குழாயில் தண்ணீர் பிடித்து மாத்திரையைப் போட்டேன். நல்ல ரோஸ் நிறம். சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம் வந்தது. சமையலறை ஜன்னலுக்குப் போய்க் குழலை உயர்த்திக் காட்டினேன்.

"பாருடி. சுத்தம்."

தங்கச்சி குழலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பரணிலிருந்து பானையை இறக்கினாள். அதைக் கழுவி, குழாயில் நிரப்பி, அடுப்பில் வைத்துப் பற்ற வைத்தாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. தண்ணீர் கொதிக்கும் வரை ஜன்னலுக்கு வெளியே குழலோடு நின்றுகொண்டிருந்தேன். உள்ளே வா என்று அவள் சொல்லவில்லை.