எழுந்து நிற்கும் வருடம்

…இல்லை, ஆர்லீதா அத்தை இன்னும் அந்தப் பச்சைக் கூடாரத்தைத் தாண்டவில்லை, நடுவில் நாலு கூடாரம் இருக்கிறது, வெங்காயத்தை இன்னும் மெதுவாக நறுக்கலாம், கண் எரிந்தால் எரியட்டும், அழுத கண்ணோடு ஒருத்தி நின்றால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று லட்ரீஸ் நினைத்தாள், ஆனால் ஆர்லீதா அத்தை கேட்பாள், அவள் செத்த வீட்டிலும் கையெழுத்து வாங்குகிற ஆள், அட்டையில் செருகிய தாளும் காதில் சொருகிய பேனாவுமாக டன்மோர் கல்லூரியின் எண்பத்து நாலாம் ஆண்டுக்காரர்கள் ஒவ்வொருவரையும் பிடித்துப் பெயர் எழுதிக்கொண்டு வருகிறாள். படிப்பை முடித்து நாற்பது வருடம் ஆனவர்கள் பாதி ஆட்ட இடைவேளையில் மைதானத்துக்குள் நடந்து போவார்கள், ஒலிபெருக்கியில் பெயர் சொல்வார்கள், அதற்கு முன்னால் பெயர்கள் கல்லூரி அலுவலகத்துக்குப் போகும், பழைய பதிவேட்டில் சரிபார்ப்பார்கள். வெர்னல் டிபிட்ஸ் என்ற பெயர் அந்தப் பதிவேட்டில் இல்லை. முப்பத்திரண்டு வருடமாக, ஆட்டத்துக்கு முன்னால் கூடாரம் போட்டுச் சமைக்கிற இந்த வாகனத் திடலில் எல்லாரும் "எண்பத்து நாலு" என்று கூப்பிடுகிற அப்பா, டன்மோரில் ஒரு நாள்கூடப் படித்ததில்லை.

அந்த ஆள் என்னடாவென்றால் எதுவுமே நடக்காதது போலக் கெளுத்தி மீனைச் சோளமாவில் புரட்டிக்கொண்டிருக்கிறார், செம்பழுப்புச் சட்டை, செம்பழுப்புத் தொப்பி, இடுப்பில் கல்லூரிக் கொடி குத்திய ஏப்ரன், எண்ணெய்க்கு முன்னால் நிற்கும்போது மட்டும் அவருக்கு முட்டி வலிப்பதில்லை. "எண்பத்து நாலு, மீன் கருகுது பாரு" என்று பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஹோசேயா மாமா, "கருகினாத்தான் உனக்கு. உன் பல்லுக்கு அதான் சரி" என்று அப்பா, "என் பல்லை விடு, இன்னைக்கு நம்ம பசங்க எத்தனை பாயிண்ட்ல தோப்பாங்க, அதைச் சொல்லு", "தோக்கறதா, வாயக் கழுவுய்யா", "ரெண்டு ஜெயிச்சு அஞ்சு தோத்த டீமுக்கு வாய வேற கழுவணுமா"… இந்தப் பேச்சை லட்ரீஸ் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து கேட்கிறாள், மீன் வாசனையும் தூரத்தில் பாண்டுக்காரர்கள் முரசை இறுக்கிப் பார்க்கிற சத்தமும் இந்தப் பேச்சும் சேர்ந்ததுதான் அவளுக்குச் சனிக்கிழமை, சொன்னால் வெட்கம், அவளுக்கு இது பிடித்திருக்கிறது, இன்றைக்கும்கூட.

பொய் என்று அதைச் சொல்லலாமா? பதினேழு வயது வரை அது உண்மை, பள்ளியில் "எங்க அப்பா டன்மோர்" என்று மார்தட்டியிருக்கிறாள், அந்த வயதில் சமையல் மேசையில் உட்கார்ந்து அதே டன்மோருக்கு விண்ணப்பத்தை நிரப்பும்போது, பெற்றோர் படித்த கல்லூரி என்று ஒரு கட்டம் வந்தது, அவள் 'டன்' வரைக்கும் எழுதிவிட்டாள், அப்பா குளிர்பெட்டிக்குள் தலையை விட்டு எதையோ தேடிக்கொண்டே "அங்க இல்லைன்னு போடு" என்றார். எதை இல்லை என்று போடுவது? "அதான், படிக்கலைன்னு." அவ்வளவுதான். குளிர்பெட்டியை மூடவும் இல்லை, வெளியே வரவும் இல்லை, உள்விளக்கு அவர் கழுத்தில் விழுந்துகொண்டே இருந்தது, அவள் மையால் அடித்துத் திருத்தினாள், திருத்தல் உள்ள விண்ணப்பம் செல்லாதோ என்று பயந்து வேறொரு தாள் வாங்க இரண்டு பேருந்து மாறிப் போனாள். பிறகுதான் அம்மா சொன்னாள், தொண்ணூற்றிரண்டில் இந்த மைதானத்தின் மேல் பார்வையாளர் படிகளுக்குக் கான்கிரீட் கொட்டிய லாரி அப்பாவுடையது, மேஸ்திரி இரண்டு டிக்கெட் கொடுத்தான், வந்த முதல் சனிக்கிழமையே ஹோசேயா மாமா கோழிக்காலை நீட்டி "எந்த வருஷம் வெளிய வந்த தம்பி" என்று கேட்டார், அப்பாவிடம் வெளியே வந்த வருடம் என்று ஒன்றுதான் இருந்தது, உயர்நிலைப் பள்ளி முடித்த வருடம், அதைச் சொன்னார். கேட்டது கல்லூரியை என்று தெரிந்தேதான் சொன்னார். எந்த விடுதி என்று கேட்டபோது வேலைக்குப் போய்க்கொண்டே படித்தேன், விடுதியில் தங்கவில்லை என்றார். அடுத்த சனிக்கிழமை அவருக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட மனிதன் எப்படி எழுந்து, இல்லைங்க, தப்பு என்று சொல்வான்?

ஆனாலும் அவளுக்குக் கோபம், கோபம் இல்லாமல் எப்படி இருக்கும், முப்பது வருடத்துத் தடுப்பாட்டக்காரர்களின் பெயர், ஊர், எடை எல்லாம் தலைகீழாகச் சொல்லுகிற அப்பாவுக்கு நூலகம் எந்தப் பக்கம் என்று தெரியாது. அவள் டன்மோரில் சேர்ந்த முதல் நாள் பெட்டியை இறக்கிவிட்டு "அந்தா கோல் கம்பம் தெரியுதுல்ல, அதை வச்சு வழி கண்டுபிடிச்சுக்கோ" என்றார், அவள் நாலு வருடமும் அந்தக் கம்பத்தை வைத்துத்தான் வழி கண்டுபிடித்தாள். பாடப் பதிவு என்றால் என்ன, எதை எப்போது கைவிடலாம், பேராசிரியர் அறைக்கதவைத் தட்டலாமா கூடாதா… மற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டார்கள், அவள் யாரைக் கேட்பது? வேதியியல் உனக்குக் கடினம், வேறு ஏதாவது எடு, உன்னை மாதிரிப் பிள்ளைகளுக்கு அதுதான் நல்லது என்று ஆலோசகர் சிரித்துக்கொண்டே சொன்னார், அவள் வேதியியலையே எடுத்து, இரண்டு தடவை விழுந்து எழுந்து முடித்தாள், இன்றைக்கு நகரத்துக் குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் அவள் கையெழுத்து விழாமல் தண்ணீர் குழாய்க்கு வராது. ஒவ்வொரு வருடமும் பழைய மாணவர்கள் திரும்பி வருகிற இந்தத் திருநாளில் ஒலிபெருக்கி வருடங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடும், அந்தந்த வருடத்துக்காரர்கள் எழுந்து நின்று கத்துவார்கள், அப்பா எண்பத்து நாலுக்கு எழுந்து தொண்டை கிழியக் கத்துவார், அவள் தன் வருடமான இரண்டாயிரத்துப் பத்தொன்பதுக்கு எழுந்ததே இல்லை. இந்தக் கல்லூரிக்காக நான் ஏன் எழ வேண்டும், எனக்காக அது எப்போது எழுந்தது?

"யாரைத் திட்டிக்கிட்டு வெங்காயம் நறுக்குற?" ஆர்லீதா அத்தை வந்தே விட்டாள், நாலு கூடாரங்கள் எப்போது தீர்ந்தன? "யாரையும் இல்ல அத்தை." "உன் மூஞ்சி அப்படிச் சொல்லலையே." அத்தை கூடாரத்துக்குள் எட்டி "வெர்னல், எனக்கு ரெண்டு துண்டு, வால் பக்கம் வேணாம்" என்றாள், அப்பா திரும்பினார், கரண்டி கையில், முகம் சிரிக்கத்தான் செய்தது ஆனால் கரண்டியிலிருந்து எண்ணெய் செருப்பில் சொட்டுவது அவருக்குத் தெரியவில்லை, லட்ரீஸுக்குத் தெரிந்தது. இப்போது கேட்பாள், பதிவேட்டில் உள்ளபடி முழுப் பெயரைச் சொல்லு என்பாள், சொன்னால் ஒரு மணி நேரத்தில் அலுவலகத்திலிருந்து ஆள் வரும், அப்படி ஒருவர் படிக்கவில்லையே என்று எல்லார் காதிலும் விழ, ஹோசேயா மாமா கேட்க… அவள் வாயில் ஒரு பொய் தயாராக இருந்தது, அதைச் சொல்லத்தான் போனாள், எத்தனை வேகமாகத் தயாராகிவிட்டது, இதுவும் ரத்தத்தில் வருமோ? அதற்குள் அத்தை மீனைக் கடித்துக்கொண்டே, "உன் பேரை நான் எழுதலை வெர்னல். மைதானத்துல பூரா டிவிக்காரன் வயரு. உன் முட்டிக்கு ஆகாது, தடுக்கி விழுந்தா பாண்டு நின்னு போயிடும், ஊரு நம்மளச் சும்மா விடாது" என்றாள். அப்பா கரண்டியைச் சட்டியில் வைத்தார். "முட்டி கொஞ்சம் மோசந்தான் அக்கா" என்றார். "எனக்குத் தெரியாதா. உப்பு பத்தலை." அவ்வளவுதான், பேனா காதிலேயே இருந்தது, அவள் அடுத்த கூடாரத்துக்குப் போய்விட்டாள்.

தெரியுமா அவளுக்கு? எப்போதிலிருந்து? லட்ரீஸ் மைதானத்தின் வாசலில் பையைத் திறந்து காட்டும்போதும், மேலே ஏறும்போதும் அதையே மென்றாள், முட்டிதான் காரணம் என்றால் போன மாதம் இதே அத்தைதான் அப்பாவை இழுத்துக்கொண்டு போய் ஆட வைத்தாள், தெரிந்திருந்தால் ஏன் இத்தனை வருடம் சும்மா இருந்தாள்… கேட்டுவிடலாம், ஆனால் கேட்டால் காட்டிக்கொடுத்தது போல ஆகும். அப்பா படிகளை ஒவ்வொன்றாக, கைப்பிடியைப் பிடித்து ஏறினார், பதினேழாவது படியில் நின்று மூச்சு வாங்கி, "இது அரை அங்குலம் சாஞ்சிருக்கு பாரு, மழை பெஞ்சா தண்ணி நிக்கும். என் லாரிதான். கலவை தண்ணியா போச்சு அன்னைக்கு" என்றார். ஒவ்வொரு தடவையும் சொல்வார். அவள் ஒவ்வொரு தடவையும் பார்ப்பாள், சாய்வு தெரியும்.

ஆட்டம் தொடங்கியதும் எல்லாம் கொஞ்சம் மறந்தது, அதுதான் இந்த அமெரிக்கக் கால்பந்தில் ஒரு வசதி, நாலு தடவைக்குள் பந்தைப் பத்து கஜம் நகர்த்து என்பதைத் தவிர உலகத்தில் வேறு கவலை வேண்டாம் என்கிறது, டன்மோர் குளவிகள் முதல் மூன்று தடவையில் மூன்று கஜம் நகர்த்தினார்கள், நாலாவதில் பந்தை உதைத்துக் கொடுத்துவிட்டார்கள். "குளவியாம் குளவி, கொட்டத் தெரியலை" என்று பின்வரிசை ஆசாமி ஒருவன் கத்த, "காத்து எதிர்ல அடிக்குதுப்பா, பையன் என்ன பண்ணுவான்" என்று அப்பா பந்தெறிகிறவனுக்காக வக்கீலாக நின்றார். அவர் எப்போதும் அப்படித்தான், ஜெயித்தால் ஜெயிச்சோம், தோற்றாலும் தோத்தோம், ஒரு தடவைகூட அவங்க தோத்தாங்க என்று சொல்லிக் கேட்டதில்லை. பட்டம் வாங்கிய அவளுக்கு அந்த 'நாம' வாயில் வருவதில்லை, வாங்காத அவருக்கு அது வெற்றிலை போல நாக்கிலேயே ஒட்டியிருக்கிறது. யாருக்கு இந்த டீம் சொந்தம்? பதிவேட்டுக்கா, பதினேழாவது படிக்கா? இரண்டாம் கால் பகுதியில் ஜனம் கழிப்பறைக்கும் வறுத்த வேர்க்கடலைக்கும் ஓடியது, ஆட்டம் நடக்கும்போதுதான் ஓட வேண்டும், பாதி ஆட்டத்தில் பாண்டு வரும்போது இடத்தை விட்டு எழுகிறவன் இந்த ஊர்க்காரனே இல்லை, அந்த நேரம் பார்த்து டன்மோர் பையன் ஒருவன் எதிராளி பந்தைப் பறித்துக்கொண்டு அறுபது கஜம் ஓடிவிட்டான், பாதிப் பேர் பார்க்கவே இல்லை, அப்பா பார்த்தார், அவள் பார்த்தாள், தோளைப் பிடித்து உலுக்கினார், கடலை எல்லாம் சிதறியது, அவள் கத்தியது அவளுக்கே கேட்டது, போறான் போறான் நம்மாளு போறான்… நம்மாளு என்றா சொன்னாள்?

பாதி ஆட்டம். ஒலிபெருக்கி பழைய வருடங்களிலிருந்து தொடங்கியது, ஐம்பத்தெட்டுக்கு ஒரே ஒரு கிழவர் ஊன்றுகோலைத் தூக்கினார், மைதானமே அவருக்காகக் கத்தியது. எழுபதுகள் போயின. எண்பத்து மூன்று. அவள் பக்கவாட்டில் அப்பாவின் கையைப் பார்த்தாள், எழுவதற்கு முன்னால் அவர் எப்போதும் தொடையைத் தட்டிக்கொள்வார். எண்பத்து நாலு. கீழே புல்லில் செம்பழுப்புக் கோட்டுகள் வரிசையாக நடந்தன, ஆர்லீதா அத்தை முன்னால், ஹோசேயா மாமா நடுவில், மாமா மேலே பார்த்து இரண்டு கையையும் ஆட்டினார், அப்பாவும் ஆட்டினார், உட்கார்ந்தபடியே. சுற்றி யாரும் கவனிக்கவில்லை, கூடாரத்துக்காரர்கள் எல்லாரும் கீழே இருந்தார்கள், எழுந்திருந்தாலும் யார் கேட்டிருப்பார்கள்? ஆனால் அவர் எழவில்லை, ஒரு கடலையை உரித்து அவளிடம் நீட்டினார், "கோட்டு ஹோசேயாவுக்குப் பெருசு. தச்சவன் ஏமாத்திட்டான்" என்றார். குரலில் வருத்தம் இருக்கிறதா என்று தேடினாள், இல்லை, அல்லது அவளுக்குத் தெரிகிற மாதிரி இல்லை. எண்பத்தைந்து, எண்பத்தாறு… வருடங்கள் போய்க்கொண்டே இருந்தன, மேல்வரிசையில் ஒரு கும்பல், கீழ்வரிசையில் ஒரு கும்பல், கடலைத் தோல் காற்றில் பறந்தது, அவளுக்கு என்னவோ நிம்மதியாக இருந்தது, இனிமேல் யாரும் எதையும் கேட்கப் போவதில்லை, வெயில் முதுகில் இதமாக விழுந்தது.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது என்று ஒலிபெருக்கி சொன்னதும் அப்பா தொடையைத் தட்டினார். எழுந்தார், முட்டி நறுக்கென்று சத்தம் போட்டது, தொப்பியைக் கழற்றித் தலைக்கு மேல் சுற்றி, "இங்க! இங்க இருக்கு பத்தொம்பது!" என்று கத்தினார், அந்தத் தொண்டை கிழிகிற கத்தல்தான், முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பி, அறுபதை நெருங்குகிற ஆள் பத்தொன்பதா என்று சிரித்தார்கள், அவர் கண்டுகொள்ளவில்லை, குனிந்து அவளைப் பார்த்தார். அவள் உட்கார்ந்தே இருந்தாள். கல்லூரி மேல் கோபம், அதனால்தான் எழவில்லை, அப்படித்தானே ஐந்து வருடமாக… அப்படித்தானா? இல்லை, அப்பா தனக்கில்லாத வருடத்துக்கு எழுந்து நின்ற அதே இடத்தில், தன் வருடத்துக்குத் தான் எழுந்தால், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும் என்பதாலா? அவரைக் காப்பாற்றத்தான் உட்கார்ந்திருந்தாளா, இல்லை, உனக்கு உரிமை இல்லை என்று ஒவ்வொரு வருடமும் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாளா? அது அவருக்குக் கேட்டிருக்குமோ? கால் தானாகவே எழுந்தது, அவள் எழுந்து நின்றாள், அதற்குள் ஒலிபெருக்கி இரண்டாயிரத்து இருபது என்று சொல்லிவிட்டது, சுற்றிலும் வேறு யாரோ எழுந்து வேறு யாருடைய வருடத்துக்கோ கத்தினார்கள், அந்தக் கூட்டத்துக்கு நடுவில் அவளும் அவரும் நின்றார்கள். "லேட்டும்மா" என்றார் அப்பா. "தெரியும்." "பரவால்ல, நில்லு." பக்கத்தில் ஒரு பெண் அவளைத் தன் வருடத்துக்காரி என்று நினைத்துக் கையை ஓங்கி நீட்டினாள், லட்ரீஸ் அந்தக் கையில் தட்டினாள், இல்லைங்க, தப்பு என்று சொல்லியிருக்கலாம், சொல்லத் தோன்றவில்லை.