ஏழு நிமிட ஏற்றம்

மீட்புப் படகுக்கு ஆளைக் கூப்பிடும் பேஜரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பாஸ்கோ படகுக் கொட்டகைக்கு இறங்கி வந்தான். மனைவி லவ்டே இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவளுக்கு முப்பத்தொரு வயது.

உள்ளே டாம்சின் மட்டும் இருந்தாள். மற்ற நாட்களில் போர்த்வெல்லன் துறைமுகத்தில் மீன் விற்பவள். பேஜர் அலறினால் மீட்புப் படகுக்குத் தலைவி. பேஜரை மேஜையில் வைக்கக் கையை நீட்டினான். கையிலிருக்கும்போதே அது அலறியது. அவள் இடுப்பில் இருந்ததும் அலறியது.

"அது உன்னை விடாதுபோல, அழகா" என்றாள் டாம்சின், பூட்ஸுக்குள் காலை நுழைத்தபடியே. போர்த்வெல்லனில் ஆண்கள் எல்லோருமே அழகர்கள்தான். பல் போன டென்சிலும் அழகன்தான்.

துடுப்புப் படகில் போன இரண்டு பேரைக் காற்று வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போகிறதாம். ஐந்து நிமிடத்துக்குள் ஆறு பேர் ஓடி வந்தார்கள். ஒருவன் தேவாலயத்திலிருந்து, ஒருவன் பாதிச் சவரத்தோடு. கொட்டகைப் பொறுப்பு பாஸ்கோவுடையது, அவனுக்கு மாற்றாள் டிகரி. டிகரி மகளைப் பார்க்க ட்ரூரோ நகருக்குப் போயிருந்தான். டாம்சின் சுத்தியலை எடுத்து பாஸ்கோவிடம் நீட்டினாள்.

பதினாறு டன் படகு, சறுக்குமேடையின் உச்சியில் கடலைப் பார்த்தபடி ஒரே ஒரு கொக்கியில் நிற்கும். அந்தக் கொக்கியைப் பிடித்திருப்பது ஒரு சின்ன முளை. அதைத் தட்டிவிடுவதுதான் பாஸ்கோவின் வேலை. டாம்சின் படகின் மேலிருந்து கையை உயர்த்தி இறக்கினாள். தட்டினான். படகு ஒரு கணம் யோசித்த மாதிரி நின்றது, பிறகு போய்விட்டது. கீழே தண்ணீர் இரண்டு பக்கமும் சுவராக எழுந்து விழுந்தது.

கொட்டகை காலியானதும் பின்சுவர் கண்ணில் பட்டது. அங்கே ஆணியில் அந்த அன்னப்பறவை தொங்கியது. குழந்தைகள் கடலில் மிதந்து விளையாடும் காற்று மெத்தை. காற்றெல்லாம் இறங்கி, கழுத்து மடிந்து கிடந்தது.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் மீட்டுக்கொண்டு வந்தார்கள். யாரோ ஒரு ஆளைக் கடல் அடித்துக்கொண்டு போவதாகத் தகவல் வந்தது. போய்ப் பார்த்தால் ஆளில்லாத அன்னம். அன்று காலை வீட்டில் சண்டை. லவ்டேக்கு மூன்று நாளாகத் தலைவலி, அவளை மருத்துவரிடம் கூட்டிப்போவதாகச் சொன்னவன் மறந்திருந்தான். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே பேஜர் அலறியது. "போ, உன் மணி அடிச்சிருச்சு" என்றாள். அதுதான் கடைசி.

படகு திரும்பினால் நல்ல தண்ணீரில் கழுவி, எண்ணெய் நிரப்பி, கடலோரக் காவலுக்குப் போன் போட்டு "படகு தயார்" என்று சொல்ல வேண்டும். சொல்லும்வரை யாரும் வீட்டுக்குப் போவதில்லை, அதுதான் வழக்கம். அன்று பாஸ்கோ மற்றவர்களை அனுப்பிவிட்டான். தானே கழுவிக்கொள்வதாகச் சொன்னான். வீட்டுக்குப் போனபோது அடுப்புக்குள் இறைச்சி பொதிந்த பாஸ்டி ரொட்டிகள் கரியாகியிருந்தன. லவ்டே சமையலறைத் தரையில் கிடந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. முன்னாலேயே வந்து பார்த்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டான். சொல்ல முடியாது என்றார் மருத்துவர்.

அடக்கத்தன்று டாம்சின் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, உன்னைத் தனியாகக் கழுவ விட்டுப் போயிருக்கக் கூடாது, அதனால்தான் நீ வீட்டுக்குப் போகத் தாமதம் என்று அழுதாள். மறுவாரமே அன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு அட்டையை மாட்டினாள். 'படகைத் தனியாக யாரும் கழுவக்கூடாது.' ஊரில் அதற்குப் பாஸ்கோ விதி என்று பெயர்.

பதினொன்றரைக்குப் படகு திரும்பியது. இரண்டு பேரும் பிழைத்தார்கள், போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பாஸ்கோ இயந்திர வடத்தை மாட்டிப் படகை மேலே இழுத்தான். குழாயை எடுத்ததும் ஆறு பேரும் சுற்றி வந்து நின்றார்கள். விதி அப்படி. அரைச்சவரக்காரன், இந்த முகத்தையும் கழுவிவிடச் சொன்னான். யாரோ சிரித்தார்கள்.

பாஸ்கோ குழாயைக் கீழே வைத்துவிட்டு டாம்சினைத் தனியே கூப்பிட்டான்.

"அந்த அட்டையைக் கழட்டிடுங்க."

"ஏன்?"

"அன்னிக்குக் கழுவுறதுக்கு இருபது நிமிஷம்கூட ஆகல. தயார்னு போனும் போட்டுட்டேன். அப்புறம் அந்த மெத்தைக்குக் காத்து ஊதி, அது மேல உக்காந்து டீ குடிச்சேன். முக்கா மணி நேரம். அவ கோவம் ஆறட்டும்னு."

 அவன் எதிர்பார்த்த ஆறுதல் வரவில்லை.

"எட்டு மாசமா நான் சரியாத் தூங்கல, பாஸ்கோ" என்றாள். "நான் உன்னை விட்டுட்டுப் போனதாலதான்னு."

"தெரியும். அதான் சொன்னேன்."

"இப்ப சொல்ற."

 அவள் போய் அட்டையைக் கழற்றினாள். பிறகு அன்னத்தையும் கழற்றி, மடித்து, அவன் கையில் கொடுத்தாள்.

"வீட்டுக்குப் போ. தயார்னு நான் சொல்லிக்கிறேன்."

படகு கழுவி முடியும் முன்னால் அவன் கொட்டகையை விட்டு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இத்தனை வருடமும் அந்தச் சரிவில் இறங்கி ஓடியதுண்டு. ஏறுவதற்கு எவ்வளவு நேரம் என்று கணக்குப் பார்த்ததில்லை. அவசரப்படாமல் நடந்தான். தபால் பெட்டியருகே மூச்சுவாங்க நின்றான். எதிரே வந்த டென்சிலிடம் காற்றைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினான்.

வீட்டுக் கதவைத் திறந்து மறுபடி கடிகாரத்தைப் பார்த்தான். நின்று, பேசி வந்தும் ஏழு நிமிடம்.

அடுப்பு அணைந்துதான் இருந்தது. அன்னத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போய் அடுப்பின் கதவைத் தொட்டுப் பார்த்தான். சில்லென்றிருந்தது.