மொட்டை டன்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கைபேசித் திரையில் இருந்த ஒற்றைச் சொல்லிலிருந்து: ‘டன்’. வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம். என் தங்கையின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பட்டப்பகல் பதினொன்றரை மணிக்கு அந்தச் சொல்லால் அவர் உயிர் போக இருந்தது. போகவில்லை. போகாமல் காத்த ஒரு பெண்மணிக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆகவே ஆள் பிழைப்பாரா என்று நீங்கள் பதற வேண்டாம். எனக்குச் சஸ்பென்ஸ் வராது என்று விமர்சகர்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘லிஃப்டின் இருண்ட குழிக்குள் விதி காத்துக்கொண்டிருந்தது. அப்போது

வேண்டாம். குழிக்குள் இருந்தது கிரீஸ் டப்பா.

2

நாமெல்லாம் ஏன் ‘முடிந்தது’ என்று சொல்வதில்லை? ‘முடிஞ்சுது’ என்றால் கூடவே ஒரு பெருமூச்சு வருகிறது. ‘ஆள் முடிஞ்சான்’ என்பதும் பின்னாலேயே காதில் விழுகிறது. ‘டன்’னில் அந்தக் கவலை இல்லை. என் பதிப்பாசிரியர் ‘ஆல் செட்’ என்பார். எங்கள் வீட்டுக் குழாய் ரிப்பேர்காரர் ‘ஆல் ஓகே சார்’ என்று சொல்லிவிட்டு இரண்டு படி இறங்குவதற்குள் குழாய் மறுபடி சொட்டத் தொடங்கும்.

(அடிக்குறிப்பாக: நானும் யோக்கியனில்லை. இந்தக் கதை பாதியில் நிற்கும்போதே பதிப்பாசிரியருக்கு ‘டன்’ அனுப்பிவிட்டேன்.)

மாப்பிள்ளையின் வேலையில் ஒரு முறை உண்டு. அவர் கீழே வேலை பார்ப்பார். ஆறு மாடிக்கு மேலே, மோட்டார் அறையில், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஓர் எலக்ட்ரீஷியன் அம்மா நிற்பார். எல்லோருக்கும் அவர் சுவிட்ச் அக்கா. இவர் குழியிலிருந்து ஏறி வெளியே வந்து ‘டன்’ போட்டால்தான் அவர் சுவிட்சைப் போட்டு லிஃப்டைக் கீழே இறக்கிப் பார்ப்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாப்பிள்ளை வெறும் ‘டன்’தான் அனுப்பினாராம். அக்கா படியிறங்கி வந்து கேட்டாராம்: “ஏன்டா, அக்கான்னு சேர்த்துச் சொன்னா வாய் வலிக்குமா? மொட்டையா டன்னுங்கிற?” அன்றிலிருந்து நாலு வருஷமாக ‘டன்க்கா’. தமிழ்ப் பற்றாளர்களும் ஆங்கில ஆசிரியர்களும் ஒரே குரலில் கோபித்துக்கொள்ளக்கூடிய அபூர்வமான சொல்.

3

இனி கதை.

ஓர் அலுவலகக் கட்டடம். லிஃப்ட் நாலாவது மாடியில் கரண்ட் இல்லாமல் நிற்கிறது. மாப்பிள்ளை தரைத்தளக் கதவைத் திறந்து குழிக்குள் இறங்கியிருக்கிறார். அங்கிருந்தே லிஃப்டை நிறுத்த ஒரு சிவப்புச் சுவிட்ச் உண்டு. அன்றைக்குப் பார்த்து அதைத்தான் கழற்றி மாற்றிக்கொண்டிருந்தார். குழியில் சிக்னல் கிடைக்காது என்பதால் கைபேசி வெளியே, டூல்ஸ் பெட்டியின் மேல். பக்கத்து நாற்காலியில் காவலாளி. கைபேசி அதிர்கிறது. ‘அக்கா’ என்ற பெயரில் ஒரு கேள்வி: ‘முடிஞ்சுதா?’ அதன் கீழே கைபேசியே தயாராக வைத்திருக்கும் மூன்று பதில்கள். ஏதோ குடும்ப விஷயம் என்று நினைத்த காவலாளி, உதவி செய்கிற எண்ணத்தில், ‘டன்’ மேல் விரலை வைக்கிறார்.

4

இந்தக் காவலாளி மேல் எனக்கு முதலிலிருந்தே சந்தேகம். அடுத்தவர் கைபேசியை அவர் ஏன் தொட வேண்டும்? குடும்ப விஷயம் என்று அவருக்கு ஏன் தோன்ற வேண்டும்? மீசை வைத்துப் பார்த்தேன். கண்ணாடி மாட்டிப் பார்த்தேன். ஆள் கதையில் நிற்கவே மாட்டேன் என்கிறார், ஏனென்றால்

ஏனென்றால் அப்படி ஒருவர் இல்லை. நாற்காலியில் இருந்தது நான்.

மாப்பிள்ளையின் கூடப்பிறந்த அக்கா, தன் மகளின் கல்லூரி விண்ணப்பத்தில் அவர் கையெழுத்தை வாங்கிவரச் சொல்லியிருந்தார். அதற்காகப் போனேன். மாப்பிள்ளை போட்டுக் கொடுத்துவிட்டு, அஞ்சு நிமிஷம் இருங்க மச்சான் என்று குழிக்குள் இறங்கினார். கீழே அவர் சீட்டியடிப்பது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. காலையிலிருந்து கையெழுத்துக்காக என்னை நச்சரித்த அக்காதானே என்று தட்டிவிட்டேன். (கூடப்பிறந்தவர் அந்தக் கைபேசியில் ‘பெரியக்கா’வாம். எனக்கெப்படித் தெரியும்? தெரியாதவன் தொட்டிருக்கக் கூடாது.)

கொஞ்ச நேரத்தில் படிக்கட்டில் யாரோ மூச்சு வாங்க இறங்கும் சத்தம். சுவிட்ச் அக்கா. முழங்கால் வலிக்காரர், ஆறு மாடி இறங்கி வந்திருக்கிறார். திறந்திருந்த கதவைப் பார்த்தார். சீட்டியைக் கேட்டார். முகம் வெளுத்துப்போனது.

“இந்த டன் போட்டது யாரு?”

நான்தான் என்றேன். எனக்கு இன்னும் எதுவும் உறைக்கவில்லை.

“கைய சுவிட்ச் மேல வெச்சுட்டேன்,” என்றார். “அவன் எனக்கு மொட்டையா போடவே மாட்டான். எம்மேல ஏதோ கோவம்போல, என்னன்னு கேட்டுட்டு வந்து போடலாம்னு இறங்கினேன்.”

அவர் அங்கேயே படியில் உட்கார்ந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கீழே சீட்டி நிற்கவில்லை.

5

அக்கா ஆபத்தை உள்ளுணர்வால் அறிந்தார் என்று எழுதினால் பத்திரிகைக்குப் பிடிக்கும். எழுதினேன், அடித்துவிட்டேன். அவருக்கு வந்தது மனத்தாங்கல். ஒரு தம்பி தன்னை அக்கா என்று சொல்லவில்லை என்கிற வருத்தம், அவ்வளவுதான். அந்த வருத்தத்துக்கு நான் ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இன்னொரு முடிவையும் தொடங்கினேன்: ‘அக்கா சுவிட்சைப்

அதற்குமேல் கை போகவில்லை.

மறுநாள் நன்றி சொல்லப் போனேன். நன்றியெல்லாம் எதற்கு, இனி அடுத்தவர் போனைத் தொடாதீர்கள் என்றார். அதுவும் சிரித்துக்கொண்டேதான்.

காவலாளியை உருவாக்கியதுகூட நானில்லை, மாப்பிள்ளை. அன்று குழியிலிருந்து ஏறி வந்து விஷயத்தைக் கேட்டார். பிறகு என் தோளில் கிரீஸ் கையை வைத்தார். “உங்க தங்கச்சிகிட்ட நீங்கன்னு சொல்ல வேணாம் மச்சான். தாங்கமாட்டா. யாரோ வாட்ச்மேன்னு சொல்லிக்கலாம்.” சாக இருந்தவர் எனக்காகப் பொய் சொன்னார். சுவிட்ச் அக்காவும் அவளிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எட்டு மாதமாக என் தங்கை அந்த இல்லாத காவலாளியைச் சபித்துக்கொண்டிருக்கிறாள். சபித்தபடியே எனக்குக் காபி கொடுக்கிறாள். நானும் குடிக்கிறேன்.

6

வாசகர்களே, கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளுங்கள். நான் எழுதுவதை முதலில் படித்துப் பிழை திருத்துவது என் தங்கைதான்.

தங்கச்சி, இந்த வரிக்கு வந்துவிட்டாய் என்றால் உனக்குத் தெரிந்துவிட்டது. நாலாம் பகுதியில் உன் பேனா நின்றிருக்கும். அடுத்து நீ என்ன செய்வாய் என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். அழுகிறாய், கத்துகிறாய், பேசாமல் காகிதத்தை மடித்துவைக்கிறாய். எதிலும் நீ இல்லை, என் பயம்தான் இருக்கிறது. அதனால் முடிவை உன்னிடமே விட்டுவிட்டேன்.

நான் வீட்டில்தான் இருக்கிறேன். கதவைத் தாழிடவில்லை. ஆனால் நீ வரும் வழியில் சுவிட்ச் அக்காவின் வீடு இருக்கிறது. முதலில் அங்கே போ. என்னைத் திட்டுவதற்கு நாள் முழுக்க இருக்கிறது.