தங்கைக்குச் சம்பளம்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். துரைராசு என்கிற நான். என் மனைவி மங்களாம்பிகை. சிங்கப்பூரிலிருந்து விடுமுறையில் வந்திருந்த என் மகன் சூர்யபிரகாஷ். திருத்துறைப்பூண்டியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கும் மருமகள் ஷோபனா. அவர்களுடைய பதினான்கு மாதக் குழந்தை பூர்ணிமா. அந்தக் குழந்தையை மூன்றாம் மாதத்திலிருந்து வளர்த்துவரும் என் சித்தி மகள் ரெத்தினம். அவள் மகன் பக்கிரிசாமி. வேறு யாரும் இல்லை. கண்ணால் பார்த்ததாகச் சொல்லும் மற்றவர்கள், பிறகு வாசலில் ரத்தத்தைக் கழுவியதைத்தான் பார்த்தார்கள்.

ஏழு பேரில் நான்கு பேருக்குக் காயம். ரெத்தினத்துக்கு என்ன சம்பளம் கொடுப்பது என்ற பேச்சில் வந்த காயம்.

ரெத்தினம் கணவனை இழந்தவள். ஷோபனா வேலைக்குத் திரும்பியபோது நான்தான் ரெத்தினத்தை அழைத்து வந்தேன். பதினொரு மாதமாகக் குழந்தை அவள் மடியிலேயே தூங்கி, அவள் கையாலேயே சாப்பிட்டது. நான் சம்பளம் பேசவில்லை. எங்கள் குடும்பத்தில் பிறந்த பெண்ணுக்குச் சீர் உண்டு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் புடவை, அறுவடைக்கு இரண்டு மூட்டை நெல். கூலி கிடையாது. கூலி பேசிவிட்டால் அவள் வேலைக்காரி ஆகிவிடுவாள். தங்கையை வேலைக்காரியாக வைத்த வீடு என்ற பெயர் எங்களுக்கு வரும். ஷோபனா மூன்று முறை என்னிடம் கேட்டாள்.

"மாமா, சின்னம்மாவுக்கு மாசாமாசம் ஏதாவது குடுத்துடலாமே. எனக்கு உறுத்துது."

"உன் பேங்க் வழக்கமெல்லாம் வாசப்படிக்கு அந்தாண்டை வச்சுக்கம்மா" என்றேன்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கிரிசாமி வந்தான். அறுவடை மிஷின் ஓட்டுகிறவன். அதற்கு முந்தைய வாரம் என் வயலையும் அவன்தான் அறுத்துக் கொடுத்தான். தாராசுரத்தில் ஒரு டாக்டர் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவன் அம்மாவைக் கேட்கிறார்களாம். பதினெட்டாயிரம், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மறுநாளைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

ரெத்தினம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தூணோரம் நின்றாள்.

"எனக்குப் போக மனசில்லண்ணே. இந்தப் புள்ளய விட்டுட்டு என்னால இருக்க முடியாது. நீங்களும் ஒரு தொகைய வாயத் தொறந்து சொல்லிட்டா இங்கயே இருந்துடுவேன்."

அவள் சொன்னதில் தொகை என்ற சொல் மட்டும்தான் என் காதில் விழுந்தது. உள்ளே போய்ப் பித்தளைத் தட்டில் ஒரு புடவை, வெற்றிலை பாக்கு, பழம், ஐயாயிரத்து ஒரு ரூபாய் வைத்து எடுத்து வந்தேன்.

"வாங்கிக்கம்மா. இது கூலி இல்ல. அண்ணன் குடுக்குற சீரு."

பக்கிரிசாமி சிரித்துவிட்டான்.

"மாமா, போன வாரம் என் மிஷினுக்கு மணிக்கு ரெண்டாயிரத்து எழுநூறுன்னு எண்ணிக் குடுத்தீங்க. நானும் உங்க தங்கச்சி மவன்தான? வெத்தல பாக்கு வச்சு ஒரு வேட்டியக் குடுத்து அனுப்பியிருக்கலாமே! மிஷினுக்கு ஒரு ரேட்டு, பெத்தவளுக்கு ஒரு வாழப்பழமா?"

"மச்சான், பாத்துப் பேசு" என்றான் சூர்யபிரகாஷ். "அத்தைக்குச் சோறு போட்டு வச்சிருக்கோம்."

"சோறா? அந்தச் சோத்த ஆக்குறதே எங்கம்மாதான்டா!"

"டேய், வாய மூடு" என்று மகனை அதட்டியபடியே ரெத்தினம் தட்டை வாங்கக் கையை நீட்டினாள். அவள் விரல் படுவதற்குள் பக்கிரிசாமி கீழிருந்து தட்டைத் தட்டிவிட்டான். தட்டு பறந்து போய் மங்களாம்பிகையின் நெற்றியைக் கிழித்தது. கண்ணுக்குள் இறங்கிய ரத்தத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு அவள் கீழே கிடந்த வெற்றிலையைப் பொறுக்கினாள்.

சூர்யபிரகாஷ் பாய்ந்தான். முதல் குத்தில் பக்கிரிசாமியின் மூக்கு உடைந்தது. மூன்று மாதம் மிஷின் ஸ்டியரிங்கைப் பிடித்து முறுக்கேறிய கை அவனுடையது. என் மகனின் கழுத்தைப் பிடித்து நிலைக்கதவில் மோதினான். ஒருமுறை, மறுபடி ஒருமுறை. இரண்டு பற்கள் தரையில் தெறித்தன. மூன்றாவது முறையும் மோதினான். ஷோபனா அலறினாள். குழந்தை அலறியது. என் மகன் அவன் மணிக்கட்டைக் கடித்துத் தொங்கினான். இருவரும் புடவையின் மேலும் ரூபாய் நோட்டுகளின் மேலும் உருண்டார்கள்.

கதவு மூலையில் இரும்பு பூட்டாத புது மண்வெட்டிக் காம்பு சாத்தியிருந்தது. எடுத்தேன். எனக்கு எழுபத்து மூன்று வயது. ஆனாலும் வரப்பு வெட்டின கை. பக்கிரிசாமியின் தலைக்குக் குறிவைத்து முழு பலத்தோடு ஓங்கினேன். பயமுறுத்துவதற்காக ஓங்கினேன் என்று சொல்ல மாட்டேன்.

ரெத்தினம் குறுக்கே வந்துவிட்டாள். இடது இடுப்பில் குழந்தை இருந்தது. அவள் வருவதைப் பார்த்தேன், கை நிற்கவில்லை. குழந்தை பின்பக்கம் போகும்படி உடம்பைத் திருப்பி, வலது கையைத் தூக்கி அடியை வாங்கினாள். பச்சை மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது. மூட்டே இல்லாத இடத்தில் அவள் கை மடங்கி, ரத்தம் சொட்டத் தொங்கியது.

குழந்தைக்கு ஒரு கீறல் இல்லை.

"ஷோபனா, புள்ளய வாங்கிக்க" என்றாள். ஷோபனா வாங்கிக்கொண்ட பிறகுதான் ரெத்தினம் தரையில் சரிந்தாள்.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் வந்து விசாரித்தபோது அவள் மயக்கத்தில் இருந்தாள். வீங்கிய வாயோடு என் மகன் சொன்னான்: பக்கிரிசாமி குடித்துவிட்டு வந்தான், பெற்ற தாயை அடித்தான். பக்கிரிசாமி கத்தினான். அவன் சட்டையெல்லாம் ரத்தமாக இருந்ததால் யாரும் நம்பவில்லை, அழைத்துப் போனார்கள். நான் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. குடும்ப மானம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் ரெத்தினம் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். கையில் மாவுக்கட்டு. கட்டிலருகே ஷோபனா குழந்தையோடு நின்றாள். குழந்தை மாவுக்கட்டைப் பிடிக்கத் தாவியது.

"உக்காருங்கண்ணே" என்றாள் ரெத்தினம். நான் உட்காரவில்லை.

"மாசம் பதினெட்டாயிரம். தாராசுரத்துல அதான் சொன்னாங்க. உங்ககிட்ட அதுக்கு மேல ஒரு ரூவா கேக்க மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். ஞாயித்துக்கிழமை லீவு. போன பதினோரு மாசத்துக்கும் சேத்துக் குடுத்துருங்க. கை கூடுற வரைக்கும் சம்பளத்தப் புடிக்கக் கூடாது."

"சரி" என்றேன்.

"பொங்கச் சீரும் தீவாளிச் சீரும் வழக்கம்போல வரணும். அத இதுல கழிக்கக் கூடாது. நான் உங்க தங்கச்சிதான், அத எதுக்கு விட்டுக்குடுக்கணும்?"

"சரிம்மா."

"எம்மவன வெளிய கொண்டாங்க. அது சம்பளத்துல சேராது. அவன் வந்தாத்தான் நான் உங்க வாசப்படி மிதிப்பேன். இல்லாட்டி தாராசுரம்."

ஷோபனா என் முகத்தைப் பார்க்காமல், "மாமா, கார் வாசல்ல நிக்குது" என்றாள்.

வேட்டியை மாற்றிக்கொள்ளாமல் அப்படியே ஸ்டேஷனுக்குப் போனேன். வேட்டி ஓரத்தில் ரெத்தினத்தின் ரத்தம் காய்ந்திருந்தது. நடந்ததைச் சொன்னேன். ஆய்வாளர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பெரியவரே, நல்லா யோசிச்சுதான் சொல்றீங்களா? கேஸ் உங்க பேருக்கு மாறிடும். கோர்ட்டு வாசல்ல நிக்கணும்."

"எழுதிக்கங்க" என்றேன்.

சாயங்காலம் பக்கிரிசாமி வெளியே வந்தான். என்னைத் தாண்டி நடந்தான், மாமா என்று கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் ரெத்தினம் எங்கள் வீட்டுக்கு வந்து இடது கையால் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். என் மகன் விடுமுறை முடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டான். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. எனக்கு இரண்டு வாய்தா ஆகிவிட்டது.

பக்கிரிசாமி குடித்துவிட்டு வந்து பெற்ற தாயின் கையை உடைத்தான் என்று ஊரில் இன்னும் பேசுகிறார்கள். அவன் குடிக்கவில்லை. கையை உடைத்தது நான்.