அட்டைக்குப் பின்னால்

படக்காரர் சந்தையின் மூன்றாவது வரிசைக்கு வந்து நின்றதும், கத்திரிக்காய்க்காரம்மா தராசைக் கீழே வைத்துவிட்டு அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா வரலையா சார்?"

பதினோரு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் தம்பதி சமேதராகத்தான் இங்கே வருவார். சமையல் புத்தகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் படம் எடுப்பது அவர் பிழைப்பு. கழுத்தில் கேமராவோடு அவர் முன்னால். ஒரு கையில் கூடையும் அக்குளில் வெள்ளை அட்டையுமாக மனைவி பின்னால். காயின் ஒரு பக்கம் வெயில் பட்டால் மறுபக்கம் கறுத்துப்போகும். அந்தப் பக்கம் அட்டையைப் பிடித்தால் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பிக் காயின்மேல் விழும். அதைப் பிடிப்பது அவள் வேலை. சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளம். "விரல் விழுது பாரு, தள்ளு." "இன்னும் கொஞ்சம் மேல." மீன் வெட்டும் கை, கீரை கட்டும் கை, மூட்டைமேல் சாய்ந்து தூங்கும் சுமைக்காரர், தக்காளியை அழுத்திப் பார்த்துத் திட்டு வாங்குகிறவர்கள் என்று அந்தச் சந்தையில் அவர் எடுக்காமல் விட்டது எதுவுமில்லை.

"அவ போயிட்டாம்மா," என்றார். "நாப்பது நாளாச்சு. காய்ச்சல்னுதான் படுத்தா."

கத்திரிக்காய்க்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கிலோ என்ன விலை என்று யாரோ இரண்டு தடவை கேட்டுவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்துபோனார்கள்.

அவர் அன்று படம் எடுக்க வரவில்லை. வெளியூரில் இருக்கும் மகள் தினமும் போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா போட்டோ நல்லதா ஒண்ணு அனுப்புங்கப்பா. பெருசு பண்ணி மாட்டணும்." கல்யாணப் படத்தில் இருப்பது மகளுக்குத் தெரியாத யாரோ ஒரு பெண். அடையாள அட்டையில் இருப்பவளோ திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி முழிக்கிறாள். அவரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நாற்பதாயிரம் படங்களைப் பார்த்துத் தீர்த்துவிட்டார். ஊரில் உள்ள பூசணிக்காய்க்கெல்லாம் படம் இருந்தது, கட்டினவளுக்கு இல்லை. ஓரத்தில் அவள் விரல் விழுந்திருந்த படங்களைக்கூட அவரே மெனக்கெட்டு வெட்டிச் சுத்தம் செய்து வைத்திருந்தார். பாவி, பாவி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு எத்தனையோ தடவை முதலிலிருந்து தேடினார்.

"உங்க யார் போன்லயாவது அவ இருப்பாளான்னு கேக்கத்தான் வந்தேன்."

"இருக்கு சார்! எம் பொண்ணுக்கு அனுப்பறதுக்கு ஒரு நாள் எடுத்தேன்." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் போனைத் தேய்க்க ஆரம்பித்தாள். அவர் காய்ப்பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

படத்தில் கத்திரிக்காய்க் குவியல் இருந்தது. அதன்மேல் கவிழ்ந்துகிடக்கிற மாதிரி அவருடைய முதுகு. எதிரில் வெள்ளை அட்டை; அதன் இரண்டு ஓரத்திலும் நான்கு நான்கு விரல்கள். முகம் இருக்கவேண்டிய இடத்திலும் அட்டைதான்.

"ஐயோ, அட்ட மறைச்சிருச்சே சார். நான் கவனிக்கவே இல்லையே."

மேல, மேல என்று தூக்க வைத்தது யார் என்று அவருக்குத் தெரியும். போனைத் திருப்பிக் கொடுத்தார். போகவும் தோன்றவில்லை, நிற்கவும் முடியவில்லை. பழக்கதோஷத்தில் கேமராவோடு எடுத்துவந்த அட்டை அக்குளில் இருந்தது. கத்திரிக்காய்க்காரம்மா அதை மெதுவாக உருவிக்கொண்டாள்.

"எடுங்க சார். நான் புடிக்கறேன். அக்கா புடிக்கறத எத்தன வாட்டி பாத்திருக்கேன்."

கத்திரிக்காய்களின் கறுத்த பக்கத்தில் வெளிச்சம் பரவியது. அவர் குனிந்து கேமராவில் கண்ணை வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் மேல புடி," என்றார்.

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது உறைத்தது. அட்டை சொன்னபடியே உயர்ந்தது. அவர் விரல் பொத்தான்மேல் அப்படியே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அட்டைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"எடுத்துட்டீங்களா சார்? கை வலி உயிர் போகுது."

பதினோரு வருடத்தில் மனைவி ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை. அவர் கேமராவை இறக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கத்திரிக்காய்க்காரம்மாவின் விரல்களுக்குச் சற்றுக் கீழே, அட்டையின் இரண்டு ஓரத்திலும், நான்கு நான்கு விரல் தடங்கள் பழுப்பேறி இருந்தன.