இடது குழி ஈயம்

றொட்னியோடு கடைசியாகக் கதைத்தபோது அன்ரோனெற்றின் கையெல்லாம் ஓரா மீன் செதிள். பூசை முடிந்து வந்த ஞாயிறு காலை அது. கனடாவில் இன்னும் சனி இரவு. தம்பிக்காரன் தன் வீட்டு நிலக்கீழ் அறையில் இருந்தான். புருஷன் மரியதாஸ் போனைத் தேங்காய்த் திருவலையில் சாத்திவைத்துவிட்டு, வலைக்கிழிசல் ஒன்றைப் பொத்திக்கொண்டே மச்சானுக்கு வாய் கொடுத்துக்கொண்டிருந்தான்.

கடதாசியில் வட்டம் கீறி, அந்த வட்டத்தைப் பிஸ்ரலால் சுடுவதற்கென்று அங்கே ஒரு சங்கம் இருக்கிறது. றொட்னி அதில் அங்கத்தவன். சுடுவதைவிட, சுடுகிற ரவையைத் தானே அடைத்துச் செய்வதில்தான் அவனுக்குப் பைத்தியம். பழைய கோதுக்குள் எந்த வெடிமருந்து, அதன் வாயில் எந்தக் குண்டு என்று கிழமைக்கணக்கில் யோசிப்பான். தங்கள் ஊர் ஓலைத்தொடுவாயில் துவக்கைத் தூரத்தில் கண்டாலே வேறு ஒழுங்கையால் போய்ப் பழகிய அக்காவுக்கு இது விளங்கவே இல்லை.

"அத்தான், வாற கிழமை போட்டி. நீங்கள் சொல்லுங்கோ, இதோ அதோ?" றொட்னி இரண்டு போத்தலைத் தூக்கிக் காட்டினான்.

"சிவப்பு மூடி," என்றான் மரியதாஸ், நிமிர்ந்தும் பார்க்காமல்.

"ஏன்?"

"வடிவாக் கிடக்கு."

"அக்கா, கேட்டியே? மனிசன் கண்ணை மூடிக்கொண்டு சரியாச் சொல்லிப்போட்டார்." றொட்னிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிவப்பு மூடி மருந்து காய்ந்த தென்னோலை மாதிரியாம், சட்டென்று பற்றும். மற்றது பொச்சுமட்டை, ஆறுதலாகப் பிடித்து நின்று தள்ளும். செம்பு போர்த்த குண்டை வேகமாக விரட்டுவதென்றால் பொச்சுமட்டை. வெறும் ஈயக்குண்டைக் கையும் உதறாமல் மெல்ல அனுப்பினால் போதுமென்றால் தென்னோலை. அளவு அவரவர் புத்திக்கு விட்டதல்ல, புத்தகத்தில் போட்டிருக்கிற அளவுதான்.

"ரெண்டையும் கலந்து போட்டால் என்னடாப்பா?" மரியதாஸ் வேணுமென்றே கேட்டான்.

றொட்னியின் முகம் மாறியது. "அந்தக் கதையே கதையாதேங்கோ அத்தான். கலக்கவே கூடாது. மேசையில ஒரு நேரத்தில ஒரு போத்தல், மற்றது அலுமாரிக்குள்ள. கலக்கினவன்ர கையில விரல் மிஞ்சாது."

"இப்ப ரெண்டு கிடக்குதே?"

"உங்களுக்குக் காட்டத்தான். ரெண்டும் இறுக்க மூடித்தான் கிடக்கு."

"சின்னனில சீனிப் போத்தலுக்குள்ள உப்பைக் கொட்டினவன் கதைக்கிறான்," என்றாள் அன்ரோனெற்.

பிறகு றொட்னி குறடு மாதிரி ஒரு சாமானைக் காட்டினான். ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிக் குண்டு வார்க்கிற அச்சு. இரண்டு குழி. இடது குழியில் விழுகிற குண்டு வலது குழிக் குண்டைவிட ஒரு மயிரிழை பாரம். இத்தனை நாளும் இரண்டையும் வெவ்வேறு ரின்னில் பிரித்துப்போட்டுச் சமாளித்தானாம். இப்போது புது அச்சு வாங்கிவிட்டான்.

"இதை உங்களுக்கு அனுப்புற பெட்டிக்குள்ள போடுறன் அத்தான். வீச்சுவலை விளிம்புக்கு ஈயமணி வார்த்தெடுங்கோ. பார வித்தியாசம் என்ர கடதாசிக்குத் தெரியும், உங்கட மீனுக்குத் தெரியாது."

"சரி, குழம்பு கொதிக்குது. வை போனை," என்றாள் அன்ரோனெற்.

"என்ன குழம்பு?"

"ஓரா."

"புளியைக் கூடப் போட்டிடாதை."

"நீயே தின்னப்போறாய்?"

அந்தக் கிழமை நடுவில் றொட்னி வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தான். இளைக்கிறது என்று படியில் குந்தினான். எழும்பவில்லை. அடக்கத்தை அதே போனில், அதே திருவலையில் சாத்திவைத்துப் பார்த்தார்கள். நடுவில் ஒருக்கால் படம் நின்றுபோய், திரும்பி வந்தபோது பெட்டி குழிக்குள் இறங்கிவிட்டிருந்தது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகுதான் அவன் சாகமுதல் கப்பலில் போட்டுவிட்ட பெட்டி வீட்டு வாசலுக்கு வந்தது. பால்மா ரின், பிஸ்கற் ரின், துவாய், சவர்க்காரம். அடியில் ஒரு நீலச் சொக்ஸ். சொக்ஸுக்குள் அச்சு. அவ்வளவு பரிசோதனையையும் அது எப்படித் தாண்டி வந்ததென்று தெரியவில்லை. பலகார அச்சென்று நினைத்திருப்பார்கள்.

அன்ரோனெற் அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். சொக்ஸில் எண்ணெயும் கரியும் மணத்தன. மரியதாஸ் கொஞ்ச நாள் அலுமாரியைச் சுற்றிச்சுற்றி நடந்தான்.

"அவன் மணி வார்க்கத்தானே அனுப்பினவன்," என்றான் கடைசியில். "பூட்டி வைக்கவே?"

அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. திறப்பைக் கொடுத்தாள்.

கிழிந்த வலைகளில் இருந்து கழற்றிய பழைய ஈயத்தை முற்றத்தில் காய்ச்சினார்கள். மரியதாஸ் ஊற்றுவான், குறட்டைத் திறப்பான், இரண்டு குண்டும் மின்னிக்கொண்டு விழும். இடது குழியில் விழுந்தது பால்மா ரின்னுக்குள். வலது குழியில் விழுந்தது பிஸ்கற் ரின்னுக்குள். ஆறியதும் ஒவ்வொன்றின் அடிப்பக்கத்திலும் நூல் கோர்க்க ஓட்டை போட்டான். வீச்சுவலையின் விளிம்பைச் சுற்றிக் கட்டும்போதும் அதே ஒழுங்குதான். ஒரு பாதி முழுக்கப் பால்மா ரின், மறு பாதி முழுக்கப் பிஸ்கற் ரின்.

"விசர் மனிசா, ரெண்டையும் மாறிமாறிக் கட்டினால்தானே வலை சமனா விழும்?" என்றாள் அன்ரோனெற்.

"மச்சான் கலக்கவே கூடாது எண்டவன்."

"அது மருந்தையல்லோ."

"செத்தவன் சொன்னதில நான் நுணுக்கம் பாக்கமாட்டன்," என்று மரியதாஸ் கோர்த்துக்கொண்டே போனான்.

வலை நொண்டியது. வீசினால் பால்மா ரின் பக்கம் முதலில் பொத்தென்று விழும். மறுபக்கம் இறங்குவதற்குள் சிறையா மீன் கும்பிட்டுவிட்டுப் போய்விடும். உப்புக்குளம் ஊரில் இருந்து ஐஸ் பெட்டியோடு மீன் எடுக்க வருகிற பவ்ஸான், "மரியதாஸண்ணை வலை வீசேல்ல, மீனுக்கு வழி காட்டுறார்," என்று கரை முழுக்கச் சொல்லித் திரிந்தான். மாற்றிக் கட்டச் சொல்லி அன்ரோனெற் பிறகு கேட்கவில்லை. வலை காயும்போது விளிம்பைக் கையால் தடவிக்கொண்டு போவாள். ஒவ்வொன்றும் றொட்னியின் குழியில் விழுந்தது.

ஒரு காலை நேவிக்காரர் கரையால் நடந்து வந்தார்கள். ஒரு இளம் அதிகாரியும் இரண்டு சிப்பாய்களும். மணலில் விரித்துக் கிடந்த வலையைத் தாண்டப்போன அதிகாரி தாண்டாமல் நின்றார். குனிந்தார். ஒரு மணியை நிமிர்த்திப் பிடித்தார். அடி தட்டை, மூக்கு உருண்டை. விளிம்பு முழுக்க அதே மூக்கு.

அதிகாரி சிங்களத்தில் கேட்டார். பவ்ஸானுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு என்பதால், மீனை விட்டுவிட்டு வரவேண்டியதாயிற்று.

"இதென்ன எண்டு கேக்கிறார்."

"மணி. ஈயமணி," என்றான் மரியதாஸ்.

"மணியில்லையாம். பிஸ்ரல் குண்டாம். மருந்து எங்கயாம்?"

மருந்து என்ற சொல்லைக் கேட்டதும் மரியதாஸின் முகம் தெளிந்தது. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு அரசாங்கத்து ஆள் அவனுக்குத் தெரிந்த பாடத்தில் கேள்வி கேட்டிருக்கிறார்.

"மருந்து ரெண்டு விதம் சேர். சிவப்பு மூடி எண்டால் தென்னோலை மாதிரிச் சட்டெண்டு பத்தும். மற்றது பொச்சுமட்டை. இந்த வெறும் ஈயத்துக்குச் சிவப்பு மூடிதான் தோது. செம்பு போர்த்ததெண்டால்..."

அன்ரோனெற் குதிக்காலால் அவன் காலை மிதித்தாள். கால் மணலுக்குள் புதைந்ததே தவிர அவனுக்கு உறைக்கவில்லை. கலந்தால் விரல் மிஞ்சாது என்பது வரைக்கும் சொல்லி முடித்தான்.

பவ்ஸான் முழுவதையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, அதிகாரியிடம் சின்னதாய் ஒரு வசனம் சொன்னான்.

"என்ன சொன்னனீ?" அன்ரோனெற் மெல்லக் கேட்டாள்.

"இந்த முறை சிறையா குறைவாம் எண்டு."

அதிகாரி பவ்ஸானைப் பார்த்தார். மரியதாஸைப் பார்த்தார். பிறகு, பாடப்புத்தகத்தை விரித்து வாசிப்பதுபோல, "நான் தமிழ் படித்தேன்," என்றார். "சிவப்பு மூடி எங்கே இருக்கிறது?"

பவ்ஸானுக்கு ஐஸ் பெட்டியில் ஏதோ அவசர அலுவல் வந்துவிட்டது.

இனி மறைத்துப் பயனில்லை என்று அன்ரோனெற் முன்னால் வந்தாள். தம்பி, சங்கம், கடதாசி வட்டம், பெட்டி, பனி, எல்லாவற்றையும் சொன்னாள். சிவப்பு மூடி கனடாவில், செத்தவன்ர அலுமாரிக்குள் என்றாள். அதிகாரிக்கு எவ்வளவு விளங்கியதோ, அவர் மணியைத் திருப்பித்திருப்பிப் பார்த்தார்.

"ஓட்டை இருக்கு சேர்," என்றான் பவ்ஸான் தூரத்தில் நின்றே. "ஓட்டை போட்ட குண்டை எவன் சுடுவான்?"

அதிகாரி வலையைக் காட்டினார். "வலை என்றால் வீசுங்கள்."

மரியதாஸ் வலையைத் தோளில் எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான். வீசினான். வழக்கம்போலப் பால்மா ரின் பக்கம் பொத்தென்றது. மறுபக்கம் அந்தரத்தில் நின்று யோசித்துவிட்டு விழுந்தது. சிப்பாய்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. அவருடைய தகப்பன் தெற்கில் வீச்சுவலைக்காரனாம். அவர் முகத்தில் நோவு தெரிந்தது.

"ஏன் ஒரு பக்கம் பாரம்?"

"கலக்கக்கூடாது சேர்," என்றான் மரியதாஸ்.

அதிகாரி மற்றவர்கள் பக்கம் திரும்பி, "இந்த மனிதர் ஆபத்தானவர் அல்ல," என்றார்.

ஆனாலும் சும்மா போக முடியாதென்றார். அச்சைத் தரவேண்டும். மணிகளை வெட்டி எடுத்துக்கொண்டு போகவேண்டும். அடுத்ததாக வருகிறவர் வலையை வீசிக் காட்டச் சொல்லமாட்டார், ஆளையே ஏற்றுவார்.

சிப்பாய் கத்தியை எடுத்ததும் அன்ரோனெற் வலையின் விளிம்பைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு மணலில் இருந்துவிட்டாள்.

"அச்சைக் கொண்டுபோங்கோ. நானே எடுத்துத் தாறன். இதைத் தொடாதேங்கோ."

"இது குண்டின் உருவம், அம்மா."

"உருவம்தானே உங்களுக்குப் பிழை? உருவத்தை எடுங்கோ. ஈயத்தை விடுங்கோ. அவன்ர எண்டு எனக்கு வேற என்ன கிடக்கு?"

அதிகாரி சிப்பாயிடம் கத்தியை வைக்கச் சொல்லிக் கைகாட்டினார். பிறகு சுத்தியல் இருக்கிறதா என்று கேட்டார்.

கல்லை உருட்டிவந்து போட்டார்கள். முதலாவதை அதிகாரியே குந்தியிருந்து அடித்துக் காட்டினார். ஓட்டைப் பக்கம் தப்ப, மூக்கு மட்டும் சப்பளிந்தது. மிச்சத்தை அன்ரோனெற் யாரையும் தொடவிடவில்லை. ஒவ்வொன்றாய்க் கல்லில் வைத்து அடித்தாள். வெயில் ஏறியது. சிப்பாய்கள் பவ்ஸானின் ஐஸைக் கேட்டு வாங்கிச் சூப்பினார்கள். மரியதாஸ் வலையைச் சுற்றிச்சுற்றிக் கொடுத்தான். முடிந்தபோது விளிம்பில் ஒரு மூக்கும் இல்லை, எல்லாம் மிதிபட்ட கச்சான் கடலை மாதிரிக் கிடந்தன.

வீட்டுக்குப் போய் அச்சைச் சொக்ஸோடு கொண்டுவந்து நீட்டினாள். அதிகாரி வாங்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

"சேர், சொக்ஸைத் தந்திட்டுப் போங்கோ."

அவர் நின்று, அச்சை உருவிக்கொண்டு, சொக்ஸை மடித்துக் கொடுத்தார்.

"மாறிமாறிக் கட்டுங்கள்," என்றார் மரியதாஸிடம். "தயவுசெய்து."

"பாப்பம் சேர்," என்றான் மரியதாஸ்.

அடுத்த நாள் விடிய அவன் தண்ணீருக்குள் இறங்கினான். அன்ரோனெற் கரையில் நின்றாள், மீன்பறி கையில், பவ்ஸான் பக்கத்தில். மரியதாஸ் உடம்பை முறுக்கி வீசினான். வலை மேலே விரிந்தது. பால்மா ரின் பக்கம் முதலில் விழுந்தது.